விசிறியில் ஒட்டிய சந்தனம்

நின்றுவிட்டது. ஜெபராஜ் சுவிட்சை அணைத்ததும் அந்த உர்ர் சத்தம் தாழ்ந்து, இழுத்து, கடைசியாக ஒரு தடவை விக்கி, நின்றுவிட்டது. இப்போது என் வீட்டில் ஓர் அறையைக் காணவில்லை. அது எங்கும் போயிருக்காது என்று எனக்குத் தெரியும். கூடத்துக்கு அந்தப் பக்கம், அலமாரியைத் தாண்டி, மேசையும் நாற்காலியும் மேசைக்கடியில் கம்ப்யூட்டருமாக அது அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் பார்வை இல்லாதவனுக்குச் சத்தம் போடாத பொருள், கையில் படும்வரை இல்லாத பொருள்தான். தூசி பறக்கும், நீங்க கூடத்திலேயே இருங்க அண்ணாச்சி என்று ஜெபராஜ் சொல்லிவிட்டார். வண்ணார்பேட்டையில் கடை வைத்திருப்பவர். இந்த எந்திரத்தை விற்றவரும் அவர்தான், இத்தனை வருஷமாக அதற்கு வைத்தியம் பார்த்தவரும் அவர்தான். அவர் சொல்வதைக் கேட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். திருகாணிகள் ஒவ்வொன்றாகக் கழன்று தட்டில் விழுகிற சத்தம் கேட்கிறது. வழி இரண்டுதான். பழைய டிஸ்கையும் மெமரியையும் மாற்றிவிட்டு இதையே இன்னும் சில வருஷம் ஓட்டலாம், இல்லையென்றால் இதை எடுத்துவிட்டுப் புதியது வைக்கலாம். மூடியைத் திரும்ப மாட்டுவதற்குள் சொல்லிவிடுங்கள் என்றார். சொல்லிவிடுவேன். மூன்று நாளாகத் தள்ளிப்போட்டது போதும், இன்று சொல்லிவிடுவேன். எனக்கு எது நல்லது என்று என் மகள் பொன்மணி ஓசூரிலிருந்து தொலைபேசியில் சொல்வதற்குள், நானே சொல்லிவிட வேண்டும்.

பழையதையே வைத்துக்கொள்வது என்றுதான் காலையில் எழுந்தபோது நினைத்திருந்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்தச் சத்தத்தை விட முடியாது. வேறு யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் இந்த வீட்டில் நான் அதைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறேன். நாற்பது வயதுக்குள் என் கண்கள் ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் சாவித் துவாரம் அளவுக்கு இருந்த வெளிச்சமும் போயிற்று. வேலை தொலைபேசி நிலையத்தில். அங்கே காதுக்குத்தான் சம்பளம் என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. ஓய்வு பெற்றதும் இந்தக் கம்ப்யூட்டரை வாங்கினேன். பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றுக்குப் பாடப்புத்தகங்களை அடித்துத் தருகிறேன். நான் அடிப்பதை அங்கே இருக்கிற எந்திரம் தடித்த தாளில் புள்ளிகளாகக் குத்தும், பிள்ளைகள் விரலால் தடவிப் படிப்பார்கள். அன்றிலிருந்து அது மேசைக்கடியில் உறுமிக்கொண்டே இருக்கிறது. பக்கத்து வீட்டு மிக்சியோ தெருவில் போகிற ஆட்டோவோ அந்தச் சத்தத்தோடு குழம்பாது, ஏனென்றால் அதில் ஒரு விக்கல் உண்டு. உர்ர், ஒரு சிறு தடுக்கல், மறுபடி உர்ர். அடுக்களையிலிருந்து புறப்பட்டால் அது என் இடது காதில் இருக்கும். கூடத்துக்கு நடுவே வந்தால் இரண்டு காதுக்கும் சமமாகும். இன்னும் போனால் சட்டென்று மங்கும். மங்கினால் அலமாரி குறுக்கே நிற்கிறது என்று அர்த்தம், ஒதுங்க வேண்டும். ஒதுங்கியதும் திரும்பத் தெளியும். தெளிந்தால் வாசல். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானாக யோசித்தும் கண்டுபிடிக்கவில்லை. கால்கள் கற்றுக்கொண்டன. அப்படிப்பட்டதை எடுத்துவிட்டுச் சத்தமே போடாத ஒன்றை வைத்தால், அந்த இடத்தில் என்ன இருக்கும்?

ஓசூர் இருக்கும். பயம் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது. போன கோடையில் ஒரு மாதம் பொன்மணி வீட்டில் இருந்தோம். நல்ல வீடு. எங்களுக்கென்று ஓர் அறை, பால்கனியில் காற்று, லிஃப்ட் வந்து நின்றால் எந்த மாடி என்று அதுவே சொல்லும். ஆனால் வீட்டுக்குள் எல்லாம் ஊமை. கதவுகள் தாமாகவே மெத்தென்று மூடிக்கொள்ளும், ஃபிரிட்ஜ் முனகுவதுகூட இல்லை, தரை எங்கே தொட்டாலும் ஒரே வழவழப்பு. காலைப் பலகாரம் முடிந்து ஒரு சோபாவில் உட்காரவைத்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். ஊருக்குக் கிளம்புகிறவர்கள் வாசலில் கட்டி வைத்த பை மாதிரி இருந்தேன். மகள் கெட்டவள் இல்லை. அவள் குரலில் கோபம் வந்தால் அதற்குள் அழுகை இருப்பது எனக்குத் தெரியும். எதுக்குப்பா அந்தப் பழைய டப்பாவக் கட்டிக்கிட்டு அழுவுறீங்க, கண்ணத் தொறந்தே வீடெல்லாம் இடிச்சுக்கிறேன் நான், நீங்க ரெண்டு பேரும் அங்க தனியா, என்று ஆரம்பிப்பாள். எந்திரம் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதும் அவளுக்குப் பிடிக்காது. வரும்போதெல்லாம் போய் அணைப்பாள். அம்மா சந்தைக்குப் போகும்போதுகூட அதை அணைக்கிறதில்ல, எவ்வளவு கரண்ட் ஆவும் என்று திட்டுவாள். குழலி, என் மனைவி குழல்வாய்மொழி, மறந்துட்டேன் மா என்பாள். ஒவ்வொரு தடவையும் மறந்துட்டேன் மா. வேலை போய், நடையும் போனால், பிறகு மகள் சொல்வதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? அதனால் விடக்கூடாது. பழையதுதான். அந்தச் சத்தம் இருக்கிறவரைக்கும் நான் இந்த வீட்டுக்காரன்.

அறைக்குப் போய் அதைச் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். இரண்டு அடி வைத்ததும் எந்தக் காதில் எதைக் கேட்பது என்று தெரியவில்லை. ஜெபராஜ் அந்த நேரம் பார்த்து எதையும் தட்டவில்லை, பேசவில்லை. நெற்றி அலமாரியில் மோதியது. உள்ளே எவர்சில்வர் தட்டுகள் குலுங்கின. குழலி ஓடிவந்து தோளைத் தொட்டு, உக்காருங்க, என்ன வேணும்னு கேளுங்க, நான் கொண்டாரேன் என்றாள். எனக்கு ஒன்றும் வேண்டாம். உட்கார்ந்தேன். நெற்றி வலிக்கவில்லை. வேறு ஏதோ வலித்தது. நான் கொண்டாரேன். ஓசூரில் எல்லோரும் சொல்கிற வார்த்தை அது. இங்கே அவள் அதைச் சொன்னதே கிடையாது.

அறைக்குள்ளிருந்து ஜெபராஜ் சிரித்தார். “அண்ணாச்சி, உள்ள ஒரு கோயிலே இருக்கு.” என்ன என்றேன். “திருநீறு. கொஞ்சநஞ்சமில்ல, ரெண்டு கை அள்ளலாம். குங்குமம், சந்தனம், ஒரு செவ்வந்தி இதழ்கூடக் காய்ஞ்சு கெடக்கு.” ஆயுத பூஜையின் வேலை. ஒவ்வொரு வருஷமும் குழலி அரிவாள்மணை, தையல் மெஷின், என் கைத்தடி எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைப்பாள். கம்ப்யூட்டரைக் கழுவ முடியாதே, அதனால் அதற்குக் கூடுதலாகவே மூன்று விரலால் பட்டை இழுத்து, முன்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, சந்தனத்தைக் குழைத்து அப்பிப் பூவும் வைத்துவிடுவாள். பக்கவாட்டில் இருப்பது அது மூச்சு இழுக்கிற ஓட்டைகள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. சோறு போடுற சாமானுக்குப் பொட்டு வைக்காம இருக்க முடியுமா என்றாள் குழலி, கொஞ்சம் ரோஷமாக. வைக்கலாம்க்கா, அது மூக்குல அடைக்காம வைக்கலாம் என்றார் ஜெபராஜ். பிறகு கூடத்துக்கு வந்து, கையை நீட்டுங்க அண்ணாச்சி என்று எதையோ என் உள்ளங்கையில் வைத்தார். விசிறி. ஒரு பூரி அளவுதான் இருந்தது. இதழ்களை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினேன், பிரெய்ல் எழுத்தைத் தடவுவது போல. எல்லாவற்றிலும் மெத்தென்று சாம்பல் படிந்திருந்தது. ஓர் இதழின் நுனியில் மட்டும் மிளகு அளவுக்கு ஒரு கட்டி, கல் மாதிரி. முகர்ந்தேன். சந்தனம். அந்தப் பக்கம் கனமாயிருக்கிறதால் சுத்தும்போது தட்டுது, அதான் அந்தச் சத்தம் என்றார் ஜெபராஜ். இது என் விக்கல். இத்தனை வருஷம் என்னைக் கூட்டிப்போனது, கூட்டிவந்தது, இந்த மிளகளவு சந்தனம். நகத்தால் சுரண்டினால் வந்துவிடும். சுரண்டவில்லை.

“புது டிஸ்க் போட்டாலும் இந்த விசிறியத் துடைச்சுத்தான் மாட்டணும் அண்ணாச்சி, இல்லைன்னா சூடாகி ஒரு நாள் மொத்தமா போயிரும். துடைச்சா சத்தம் இருக்காது.” அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அப்படியானால் பழையதும் ஊமை, புதியதும் ஊமை. காலையிலிருந்து நான் எதற்காக எதைப் பிடித்துக்கொண்டிருந்தேனோ, அது இரண்டு வழியிலுமே இல்லை. அதற்கு மேல் ஜெபராஜ் இன்னொன்றும் சொன்னார். “போன வருஷமே சத்தத்தக் கேட்டுட்டு, திறந்து துடைக்கேன்னு சொன்னேன். அக்காதான் வேண்டாம்னுட்டாங்க. இருக்கட்டும், ஓடுறவரைக்கும் ஓடட்டும்னு.” குழலியின் காலடி அடுக்களைக்குப் போனது. டம்ளர் ஒன்று மேடையில் வைக்கப்பட்டது, பாத்திரத்திலிருந்து வெந்நீர் ஊற்றப்பட்டது. மறந்துட்டேன் மா. சந்தைக்குப் போகும்போது மறந்துவிடுவாள், கோயிலுக்குப் போகும்போது மறந்துவிடுவாள், தங்கை வீட்டில் வளைகாப்பு என்று காலையில் போனவள் விளக்கேற்றுகிற நேரத்தில்தான் வந்தாள், அன்றும் மறந்திருந்தாள். பால்கணக்கு, மாத்திரை நேரம், பொன்மணியின் நட்சத்திரம் எதையும் மறக்காதவள். யாரிடமும் சொன்னதில்லை என்று நினைத்தேனே, சொல்ல வேண்டிய தேவையே இருந்திருக்கவில்லை. நான் அலமாரிக்கு முன்னால் ஒதுங்குவதை அவள் எங்கிருந்தோ பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, எந்திரத்தை ஓடவிட்டு, மகளிடம் திட்டும் வாங்கியிருக்கிறாள்.

வெந்நீர். அதையும் இப்போதுதான் சரியாகக் கேட்கிறேன். அவள் ஒவ்வொரு மிடறாக விழுங்குகிறாள், நடுவே தொண்டையைக் கனைக்கிறாள். வெயில் என்று சொல்வாள். கத்தரி வெயில் எல்லோருக்கும்தான் அடிக்கிறது, எல்லோரும் அதிமதுரம் போட்டுக் கொதிக்கவைத்துக் குடிக்கவில்லை. பள்ளியிலிருந்து இப்போது வருகிற பாடங்களை என் எந்திரம் திறக்காது. புது மாதிரியில் அனுப்புகிறார்கள், பழைய எந்திரம் பார்த்துவிட்டுத் தெரியாது என்று சொல்லிவிடும், டிஸ்கை மாற்றினாலும் அப்படித்தான் என்கிறார் ஜெபராஜ். அதனால் அச்சுப் புத்தகத்தை வாங்கி, குழலி வாசிக்க, நான் அடிக்கிறேன். நாலாம் வகுப்பு அறிவியல், ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் போயாக வேண்டும். காலையில் இட்லிக்குப் பிறகு ஆரம்பித்தால் மதியம்வரை வாசிப்பாள், மத்தியானம் கொஞ்சம் படுத்துவிட்டு மறுபடி வாசிப்பாள். நிறுத்தக்குறிகூட விடாமல். நான் அடித்ததை எந்திரத்தின் குரல் எனக்குத் திருப்பிப் படித்துக் காட்டும். அந்தக் குரலுக்குக் குழலி வைத்த பேர் மூக்கடைப்புக்காரர். அவ்வளவு வேகமாக ஓடவிடுவேன், வீட்டுக்கு வருகிறவர்கள் ஏதோ வண்டு மாட்டிக்கொண்டது என்று நினைப்பார்கள். ஆனால் எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரியும். அவரையும் விட மனமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஜெபராஜ் தன் லேப்டாப்பில் ஒரு புதுக் குரலைக் காட்டினார். பெண் குரல், பொறுமையான பொண்ணு, செய்தி வாசிக்கிற மாதிரி. வேகப்படுத்தச் சொன்னேன், படுத்தினார். இன்னும் என்றேன். அவளும் ஓடினாள். மூக்கடைப்புக்காரர் அளவுக்கு இல்லை, ஆனால் ஓடினாள், தடுக்கி விழவில்லை. பள்ளி அனுப்பிய பாடத்தைத் திறக்கச் சொன்னேன். திறந்தது. உயிரினங்கள் எவ்வாறு இடம்பெயர்கின்றன என்று ஆரம்பித்து அவள் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போனாள். குழலி ஒரு வாரம் வாசித்த பாடம். அடுக்களையில் டம்ளர் சத்தம் நின்றுவிட்டது, அவளும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பிறகு அந்தக் குரல், “படம். படத்தைப் பார்த்து விடையளி. நத்தை எந்தப் பக்கம் செல்கிறது?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டது.

அந்த நத்தை. நேற்று முழுவதும் நாங்கள் இரண்டு பேரும் அதில்தான் மாட்டிக்கொண்டோம். பிள்ளைகள் எப்படிப் படத்தைப் பார்ப்பார்கள்? நான்தான் படத்தைச் சொல்லாக்கித் தர வேண்டும். எனக்கு அதைச் சொல்ல வேண்டியது குழலி. சுவத்துல ஒரு நத்தை என்றாள். எந்தப் பக்கம் போகுது? போற மாதிரியும் இருக்கு, நிக்கிற மாதிரியும் இருக்கு. முகம் எந்தப் பக்கம்? ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் வரைஞ்சிருக்கான், படுபாவி. அதற்கு முந்தின பக்கத்தில் ஒரு தவளை, அது சிரிக்கிற மாதிரி இருக்கு என்றாள். தவளை எப்படிச் சிரிக்கும் என்றேன். உங்கம்மா மாதிரி, வாயத் தொறக்காம என்றாள். அதையும் அடித்துவிடவா என்று கேட்டதற்குப் புத்தகத்தாலேயே ஒரு அடி விழுந்தது. ஆக, வரிகளை வாசிக்க அவள் தொண்டை வேண்டாம். படங்களுக்குத்தான் அவள் வேண்டும். இத்தனை நாள் நான் இரண்டையும் சேர்த்து அவள்மேலேயே வைத்திருந்தேன். பழைய எந்திரத்தை வைத்துக்கொண்டால் நாளைக்கும் வைப்பேன். முடிவு இப்படித்தான் வரும் போலிருக்கிறது, கேட்ட கேள்விக்குப் பதிலாக அல்ல, பக்கத்தில் இருந்த வேறொன்றுக்குப் பதிலாக.

ஆனால் நடை? அது இன்னும் நிற்கிறது, நெற்றியில் லேசாக வீங்கியும் இருக்கிறது. சத்தமில்லாமல் அந்த அறைக்கு நான் போனதே இல்லையா? போயிருக்கிறேன். மின்வெட்டு! பாதி நாள் கரண்ட் இல்லாத அந்த வருஷங்கள். எந்திரம் செத்துக் கிடக்கும், தெருவே விசிறிமட்டையை ஆட்டிக்கொண்டு அரசாங்கத்தைத் திட்டும், நான் எழுந்து போய் மேசை டிராயரில் இருக்கிற பிரெய்ல் சட்டத்தையும் ஊசியையும் எடுத்து, கையாலேயே புள்ளி குத்திக்கொண்டிருப்பேன். இருட்டில் வேலை பாக்க உங்களாலதான் முடியும் என்று குழலி பொறாமைப்பட்டாளே. எதைப் பிடித்துக்கொண்டு போனேன்? என் உள்ளங்காலை. கூடத்தில் மொசைக், வழவழப்பு. அலமாரிப் பக்கத்தில் ஒரு துண்டு லேசாகத் தூக்கிக்கொண்டிருக்கும், அதில் பெருவிரல் பட்டால் வலது பக்கம் ஒதுங்க வேண்டும். அறைக்குள் சிவப்புச் சிமெண்ட், சொரசொரப்பு, கொஞ்சம் குளிர்ச்சி. மேற்குச் சன்னலிலிருந்து வெயில் கன்னத்தில் படும். சத்தம் வந்ததும் கால் மறந்துவிட்டது. இல்லை, கால் மறக்கவில்லை, நான்தான் காலிடம் கேட்காமல் விட்டேன். சற்றுமுன் எழுந்தபோதும் காதைத்தான் கேட்டேன்.

செருப்பைக் கழற்றினேன். வீட்டுக்குள் போடுகிற ரப்பர் செருப்பு, அதுவும் பொன்மணி வாங்கித் தந்தது. எழுந்தேன். குழலி அடுக்களை வாசலுக்கு வந்துவிட்டாள், அவள் மூச்சு தெரிந்தது, ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை, கையும் நீட்டவில்லை. ஜெபராஜும் பேசவில்லை. யாரும் பேசாதிருப்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. மொசைக். மொசைக். இந்த இடத்தில் சத்தம் இரண்டு காதுக்கும் சமமாக இருந்திருக்கும், இப்போது இரண்டிலும் சமமாக ஒன்றுமில்லை. பயமாக இருந்தது, இருக்கட்டும். உள்ளங்கால் தேடியது. அந்தத் துண்டு எங்கே? வேறு வீட்டுக்கு வந்துவிட்டேனா, அல்லது எப்போதோ குழலி கொத்தனாரைக் கூப்பிட்டுச் சரி செய்துவிட்டாளா, என்று நினைத்து முடிப்பதற்குள் பெருவிரல் அதில் பட்டது. வலது பக்கம் ஒதுங்கினேன். கையை நீட்டிப் பார்த்துக்கொள்ளலாம், நீட்டவில்லை. சொரசொரப்பு. குளிர்ச்சி. கன்னத்தில் வெயில். இப்போது கையை வைத்தேன், மேசை இருந்தது.

“ஜெபராஜ், புதுசு வச்சிருங்க” என்றேன்.

அவர் சரி அண்ணாச்சி என்றார். குழலி எனக்குப் பின்னாலேயே வந்திருந்தாள். இத்தனை வருஷம் கேட்காததை அவள் இப்போதுதான் கேட்டாள், மிக மெதுவாக, ஜெபராஜுக்குக் கேட்கக் கூடாது என்பது போல.

“அது சத்தம் போடாதாம்லா. எப்படி வருவீங்க?”

“இப்ப எப்படி வந்தேன்?”

“முதல்ல இடிச்சீங்களே.”

“அது செருப்போட.”

அவளுக்கு விளங்கியிருக்காது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். ஆயுத பூஜைக்கு முன்பக்கம் மட்டும் பொட்டு வைக்கலாம் அக்கா, பக்கத்துல வேண்டாம் என்று ஜெபராஜ் அவளுக்கு விதிமுறை சொல்லிக்கொண்டிருந்தார். விசிறி இன்னும் என் கையில்தான் இருந்தது. டிராயரைத் திறந்து பிரெய்ல் சட்டத்துக்குப் பக்கத்தில் அதைப் போட்டு மூடினேன். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, இனிமேல் வரிய அந்தப் பொண்ணு வாசிப்பா, நீ வாசிக்க வேண்டாம், தொண்டைக்கு லீவு என்றேன். அப்ப நான் என்ன செய்ய என்றாள். குரல் கரகரத்தது. அதிமதுரத்தால் போகாத கரகரப்பு.

“படத்த நீதான் சொல்லணும். அது அவளுக்குத் தெரியாது. அந்த நத்தைய எடு. பின்னால ஒரு கோடு மாதிரி ஏதாவது போட்டிருக்கானா பாரு, ஈரமா.”

புத்தகத்தின் தாள்கள் புரண்டன. சன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

“ஆமா. மெலிசா ஒரு கோடு. இதை எப்படிப் பாக்காம விட்டேன். இடது பக்கத்திலேருந்து வருது.” அவள் விரல் தாளில் உரசிப் போகிற சத்தம் கேட்டது. “அப்ப இது நிக்கல, போயிட்டுதான் இருக்கு.”